தண்ணியோட மல்லுக்கட்டாதேங்கோ

குட்மேய்ஸில் எந்த வீட்டுக் கேத்திலின் மூடியையும் திறந்து பாருங்கள், அடியில் வெள்ளையாக ஒரு படை பிடித்திருக்கும். ஷவர் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக, குழாய் முனையில் பொருக்காக, ஆறின தேத்தண்ணியின் மேலே மெல்லிய ஆடையாக, எல்லா இடமும் அதே வெள்ளைதான். இங்கேயே வளர்ந்த எங்களுக்கு அது பழகிப்போன விஷயம். மாதத்துக்கு ஒருமுறை வினிகர் ஊற்றிக் கழுவிவிட்டு மறந்துவிடுவோம். பிள்ளை வந்து "மீன் வளர்ப்பமா?" என்று கேட்கிற நாள் வரைக்கும் அந்த வெள்ளையைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவை வருவதில்லை.

லண்டன் குழாய்களில் வருவது கடின நீர். தென்கிழக்கு இங்கிலாந்தில் பெய்யும் மழை சோக்குப் பாறைக்குள் இறங்கி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டுதான் ஆறுகளுக்கும் நிலத்தடிக்கும் போகிறது. அந்தச் சோக்கு, கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் கடலில் வாழ்ந்த மிகச் சிறிய உயிர்களின் ஓடுகளால் ஆனது. அதிலிருந்து வரும் கல்சியமும் பைகார்பனேட்டும் கண்ணுக்குத் தெரியாமல் எங்கள் தண்ணீரில் இருக்கின்றன. சூடாக்கினால் வெளியே வந்து கேத்திலில் படிகின்றன. மீன்தொட்டியில் ஊற்றினால் படிவதில்லை, ஆனால் தொட்டியின் பிஎச் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அவைதான் முடிவு செய்கின்றன.

எங்கள் வீட்டுக்குத் தொட்டி வந்தது மகனின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு. கணவரின் தம்பி 60 லிட்டர் தொட்டி, ஃபில்டர், ஹீட்டர், கூழாங்கல், கூடவே ஆறு நியான் டெட்ரா, நாலு கப்பி என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் காரில் கொண்டுவந்து இறக்கினார். நான் வேலையால் வரும்போது மீன்கள் தொட்டிக்குள் ஓடித் திரிந்தன, பிள்ளை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். "இண்டைக்கே விடலாம் எண்டு கடையில சொன்னவங்கள், அண்ணி," என்றார். கடையில் ஒரு சின்னப் போத்தலும் கொடுத்திருந்தார்கள். பிஎச் குறைக்கிற மருந்து. டெட்ராவுக்கு 6.5 நல்லது, உங்கள் பக்கத்துத் தண்ணீர் 8, அதனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் விடுங்கள் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள்.

நான் மருந்தகத்தில் வேலை செய்கிறவள். ஒரு போத்தலைக் கையில் எடுத்தால், இது இப்போது என்ன செய்யும், நாளைக்கு என்ன செய்யும் என்று இரண்டு கேள்வி கேட்பது தொழில் பழக்கம். போத்தலை மேல்தட்டில் வைத்துவிட்டு டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வந்தோம்.

பிஎச் என்பதை மகனுக்கு எப்படிச் சொல்வது? இந்த அளவை 1909-இல் உருவாக்கியவர் சோரன்சன் என்ற டென்மார்க் விஞ்ஞானி. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பியர் ஆலையின் ஆய்வுகூடத்தில் இருந்தவர். தண்ணீர் எவ்வளவு புளிப்பு என்பதை எண்ணில் சொல்வதுதான் இந்த அளவின் வேலை. 7 நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. 8-இல் இருந்து 7-க்கு வந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. 8-இல் இருந்து 6.5-க்கு இறக்குவது என்றால் முப்பது மடங்குக்கும் மேலான மாற்றம். "அப்ப அது ஸ்மோல் நம்பர் இல்ல," என்றான் மகன். இல்லைத்தான்.

முதல் சோதனையிலேயே ஒரு புதிர் வந்தது. குழாயிலிருந்து நேரே பிடித்த தண்ணீர் 7.4 காட்டியது. அதே தண்ணீரை ஒரு கிண்ணத்தில் திறந்து வைத்து அடுத்த நாள் பார்த்தால் 8. கிட் பழுது என்று மகன் முடிவு கட்டிவிட்டான். பழுதில்லை. குழாய்க்குள் வரும் தண்ணீரில் கரியமில வாயு கரைந்திருக்கும், அது ஒரு மெல்லிய அமிலம். தண்ணீர் காற்றுப் பட்டு நின்றால் வாயு மெதுவாக வெளியேறிவிடும், பிஎச் ஏறும். அதனால் உங்கள் வீட்டுத் தண்ணீரின் உண்மையான பிஎச் தெரிய வேண்டுமென்றால் ஒரு நாள் வைத்திருந்துதான் அளக்க வேண்டும். தொட்டிக்குள் மீன் வாழப்போவது அந்த எண்ணில்தான்.

இதையெல்லாம் என் அப்பா சாய்மனைக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்களோடுதான் இருக்கிறார். எங்கள் வீட்டுக் கேத்தில் அவருடைய பொறுப்பு, அதற்கு வினிகர் பாவிக்க விடமாட்டார், தேசிக்காய்தான். பாதித் தேசிக்காயைப் பிழிந்து தண்ணீரோடு கொதிக்க வைத்தால் வெள்ளை எல்லாம் கரைந்துவிடும். அதைக் கண்ட மகன் ஒரு நியாயமான கேள்வி கேட்டான்: "அம்மா, தேசிக்காய் கேத்திலை கிளீன் பண்ணுது எண்டா, டாங்குக்கும் கொஞ்சம் விட்டா பிஎச் குறையும்தானே?"

விடையை வாயால் சொல்லாமல் குசினி மேசையில் செய்து பார்த்தோம். நீங்களும் பிள்ளைகளோடு செய்து பார்க்கலாம், பத்து நிமிட வேலை. இரண்டு கிளாஸ் எடுங்கள். ஒன்றில் 200 மில்லி குழாய்த் தண்ணீர். மற்றதில் அதே அளவு, அயர்ன் பண்ணுகிற பெட்டிக்கு ஊற்ற விற்கிறார்களே, அந்த உப்பு நீக்கிய தண்ணீர். இரண்டிலும் டெஸ்ட் கிட் திரவத்தைச் சில துளி விடுங்கள். பிறகு வினிகரை ஒவ்வொரு துளியாக விட்டுக் கலக்குங்கள். உப்பு நீக்கிய தண்ணீர் முதல் துளியிலேயே மஞ்சளாகிவிடும், அதாவது அமிலம். குழாய்த் தண்ணீரோ அவ்வளவு சீக்கிரம் மஞ்சளாகாது. ஐந்து துளி, பத்து துளி, மெல்ல மெல்லத்தான் நிறம் மாறும். எங்கள் தண்ணீருக்கு இருபது துளிக்குக் கிட்டப் போன பிறகுதான் நிறம் முழுக்க மஞ்சளுக்குப் போனது. உங்கள் வீட்டில் எண்ணிக்கை மாறலாம், நடப்பது இதுதான்.

தண்ணீரில் இருக்கிற பைகார்பனேட் அமிலத்தைப் பிடித்துத் தின்றுவிடுகிறது. அது இருக்கிற வரைக்கும் பிஎச் எளிதில் இறங்காது. டெஸ்ட் கிட்டில் கேஎச் என்று இருப்பது இந்தப் பைகார்பனேட்டின் அளவுதான். மருந்து போட்டால் அன்றைக்குக் கொஞ்சம் குறைந்தது போல் தெரியும். பிறகு உண்டான கரியமில வாயு வெளியேற, பிஎச் திரும்ப ஏறிவிடும். மறுநாள் இன்னும் கொஞ்சம் மருந்து, மறுபடி ஏற்றம். இப்படி ஊற்றிக்கொண்டே போனால் ஒருநாள் பைகார்பனேட் முடிந்துபோகும். அன்றைக்கு அதே மூடி மருந்து தொட்டியை மடமடவென்று கீழே தள்ளிவிடும். 8-இல் நிலையாக இருக்கிற தண்ணீருக்கு மீன் மெதுவாகப் பழகும். காலையில் 8, இரவு 6.8, விடிய 7.8 என்று ஆடுகிற தண்ணீருக்கு எந்த மீனும் பழகாது.

ஆக, போத்தல் மேல்தட்டிலேயே இருந்தது. ஆனால் பிஎச் 8-ஐச் சும்மா விட்டுவிடலாம் என்றும் இல்லை. புதுத் தொட்டிக்கு உண்மையான ஆபத்து வேறொரு பக்கத்தால் வருகிறது, பிஎச் அதைப் பெருக்கிக் கொடுக்கிறது.

மீன் மூச்சு விடும்போதும் கழிவு போடும்போதும் அமோனியா வெளியாகும். பழைய தொட்டியில் ஃபில்டருக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். புதுத் தொட்டியில் அந்தக் குடித்தனம் இன்னும் தொடங்கவில்லை. அது வளர்ந்து நிலைக்க ஆறு வாரம் வரை எடுக்கும். அதுவரை அமோனியா தொட்டியிலேயே கிடக்கும். அமோனியா தண்ணீரில் இரண்டு உருவில் இருக்கும், ஒன்று மீனுக்கு அதிகம் கேடில்லாத அமோனியம், மற்றது செவுளைச் சுடுகிற நச்சு அமோனியா. எது எவ்வளவு என்று தீர்மானிப்பது பிஎச். 25 பாகை வெப்பத்தில் பிஎச் 7 என்றால் நச்சு உருவில் இருப்பது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பிஎச் 8 என்றால் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து. கிட் இரண்டு தொட்டிக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆனால் குட்மேய்ஸ் தொட்டியில் அந்த எண்ணுக்குள் இருக்கிற நஞ்சு கிட்டத்தட்டப் பத்து மடங்கு.

நாலாம் நாள் அமோனியா 0.5 காட்டியது. பிஎச் 8-இல் அது தள்ளிப்போடக்கூடிய எண் இல்லை. அன்று முதல் ஒவ்வொரு நாளும் கால்வாசித் தண்ணீரை மாற்றினோம். புதுத் தண்ணீரைக் கைக்குத் தொட்டியின் சூடு வரும்படி பார்த்து, குளோரினையும் குளோரமைனையும் நீக்குகிற கண்டிஷனர் கலந்து, மெதுவாக ஊற்றினோம். பிஎச்சை மருந்தால் குறைக்காமல் விட்டதன் பலன் இங்கேதான் தெரிந்தது. தொட்டியும் குழாயும் ஏறக்குறைய ஒரே எண்ணில் இருந்ததால், எத்தனை முறை மாற்றினாலும் மீனுக்கு அதிர்ச்சி இல்லை. சாப்பாடு ஒன்றுவிட்ட ஒருநாள், அதுவும் ஒரு சிட்டிகை. அப்பாவுக்குத்தான் இது பொறுக்கவில்லை. "பசியில கிடக்குதுகள் பிள்ளை, பாவம்," என்று சுற்றிச் சுற்றி வந்தார். போடாத சாப்பாடு அமோனியாவாக மாறாது என்று மகன் அவருக்கு விளக்கம் சொன்னான்.

இவ்வளவு செய்தும் ஆறாம் நாள் காலையில் ஒரு டெட்ரா மிதந்தது. எட்டாம் நாள் இன்னொன்று. பள்ளிக்கூட உடுப்போடு தொட்டிக்கு முன்னால் நின்ற மகன் அழவில்லை. "அம்மா, தண்ணி பிழையா, ஃபிஷ் பிழையா?" என்று மட்டும் கேட்டான்.

நான் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது அப்பாதான் பேசினார். "ரெண்டும் பிழையில்லை அப்பு. தண்ணி ஆயத்தமாக முன்னமே மீன் வந்திட்டுது."

அப்பா புத்தூரில் பிறந்தவர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மண்ணுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக் கல், அதற்குள் தேங்குகிற மழைநீர், அதை அள்ளக் கிணறுகள். அவருடைய ஊருக்குப் பக்கத்தில்தான் நிலாவரைக் கிணறு, மேலே நல்ல தண்ணி, ஆழம் போகப் போக உப்பு. "இந்தத் தண்ணி எங்கட கிணத்துத் தண்ணிக்குச் சொந்தக்காரன்தான்," என்று மகனுக்கு அடிக்கடி சொல்வார். "அங்கயும் தண்ணி கொதிக்கிற பானையில இப்பிடித்தான் வெள்ளை பிடிக்கும்." கொசுப்புழு தின்னட்டும் என்று கிணற்றுக்குள் விட்ட சின்ன மீன்களைப் பற்றியும் சொல்வார். யாரும் அந்த மீனுக்காகக் கிணற்றை மாற்றவில்லை, அந்தக் கிணற்றில் வாழக்கூடிய மீனைத்தான் விட்டார்கள்.

அன்று பின்னேரம் பின்வளவில் ரோசாச் செடிக்குக் கீழே குழி தோண்டும்போது அப்பா இன்னும் ஒன்று சொன்னார், பிள்ளைக்கா எனக்கா என்று தெரியவில்லை. "நான் 84-இல இஞ்ச வரேக்க, அண்ணர் ஒரு அறை எடுத்து வச்சிருந்தார். ஹீட்டருக்குக் காசு போட்டு வச்சிருந்தார். அதால தப்பினன். ஒருத்தரும் இல்லாமல் வந்திறங்கின பெடியளும் இருந்தவங்கள். அவங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்." அவர் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுவது அருமை. மகன் மண்ணைத் தட்டி மூடிவிட்டு, "அப்ப உங்கட அண்ணா உங்கட ஃபில்டரா?" என்று கேட்டான். அப்பா கன நேரம் சிரித்தார்.

பிறகு சாவு இல்லை. மூன்றாம் வாரம் அமோனியா இறங்கி நைட்ரைட் ஏறியது, அதற்கும் அதே வைத்தியம், தண்ணீர் மாற்றம்தான். ஆறாம் வாரம் இரண்டும் பூச்சியம், நைட்ரேட் மட்டும் மெல்லத் தலைகாட்டியது. ஃபில்டருக்குள் குடித்தனம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த இடத்தில் எங்கள் கடின நீருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். அந்தப் பாக்டீரியாக்களுக்கு 7.5-இல் இருந்து 8 வரையான பிஎச் நன்றாகப் பிடிக்கும், 6.5-க்குக் கீழே போனால் அவை சோர்ந்துவிடும். அவை வேலை செய்யும்போது அமிலமும் உண்டாகிறது, அதை விழுங்கப் பைகார்பனேட் தேவை. அதாவது போத்தலில் இருந்த மருந்து எதைக் கரைத்து அழித்திருக்குமோ, அதுதான் எங்கள் தொட்டியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

வீட்டுத் தொட்டியில் மீனும் செடியும் சேர்ந்து வாழ வைப்பது எப்படி என்பதை 1850-இல் எழுதி வைத்தவர்களில் ஒருவர் ராபர்ட் வாரிங்டன். இதே லண்டனில் இருந்த வேதியியலாளர். இரண்டு தங்கமீன், வலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி, சில குளத்து நத்தைகள், இவ்வளவுதான் அவருடைய தொட்டி. செடி அழுகித் தண்ணீர் கெடத் தொடங்கியபோது அவர் மருந்து தேடவில்லை, அழுகலைத் தின்ன நத்தையை விட்டார். பிஎச் என்ற அளவு வர இன்னும் 59 வருடம் இருந்தது. மூன்று வருடத்தில், 1853-இல், ரீஜன்ட்ஸ் பார்க் மிருகக்காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கு மீன் காட்சியகம் திறந்தார்கள். இந்தக் கதையைக் கேட்டு மகன் நத்தை கேட்டான், வாங்கிக் கொடுத்தோம். ஓடு கட்டக் கல்சியம் வேண்டுமே, அது இங்கே குழாயிலேயே வருகிறது.

எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் மகன் ஒட்டிய பிஎச் அட்டவணைக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் தொங்குகிறது, லெவன் பிளஸ் மொக் டெஸ்ட் மார்க். குட்மேய்ஸ், செவன் கிங்ஸ் பக்கம் ஒன்பது பத்து வயதுப் பிள்ளை இருக்கிற தமிழ் வீடுகளில் அந்தத் தாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒருநாள் மகன் ஓடிவந்து, "நேற்று 8.0, இண்டைக்கு 7.9, குறைஞ்சிட்டுது!" என்றான். இரண்டு சோதனைக் குழாயையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். நிறம் ஒன்றுதான். அந்த அட்டையால் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைச் சொல்ல முடியாது, எங்கள் கண்தான் எதையாவது தேடுகிறது. அதன்பிறகு அவன் ஒவ்வொரு நாளும் எழுதுவதை விட்டுவிட்டு வாரத்துக்கு ஒருமுறை எழுதத் தொடங்கினான். பக்கத்துத் தாளையும் நான் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன்.

தொட்டி வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு சில வார்த்தை. முதலில் உங்கள் தண்ணீர் எது என்று பாருங்கள். பிரிட்டனில் போஸ்ட்கோடைக் கொடுத்தால் தண்ணீர் கம்பனியே கடினத்தைச் சொல்லும். பிஎச்சோடு கேஎச்சையும் அளக்கிற கிட் வாங்குங்கள். மீனை வாங்கும் முன்பே தொட்டியை ஓடவிட்டு, அமோனியாத் திரவம் சில துளி விட்டு, ஃபில்டரைப் பழக்குங்கள். பிள்ளைக்கு ஆறு வாரம் வெறும் தண்ணீரைப் பார்ப்பது கஷ்டம்தான், ஆனால் காலையில் மிதக்கிற மீனைப் பார்ப்பது அதைவிடக் கஷ்டம். லண்டன் மாதிரிக் கடின நீர் என்றால் கப்பி, பிளாட்டி, மொல்லி நன்றாக வாழும். நியான் டெட்ராவின் பூர்வீகம் அமேசன் காட்டின் மென்மையான நீர். பண்ணையில் வளர்த்தவை ஓரளவு பழகும். எங்கள் நாலும் பழகிவிட்டன, ஆனால் நான் போய் வாங்குவதாக இருந்தால் கப்பிதான் வாங்குவேன்.

கிளாஸ்கோவிலோ நோர்வேயிலோ இருக்கிறவர்களுக்கு நிலைமை தலைகீழ். அங்கே தண்ணீர் மென்மையானது, கேத்திலில் வெள்ளை பிடிக்காது. பைகார்பனேட் குறைவு என்பதால் பிஎச் தானாகவே சரிந்துவிடலாம். ஃபில்டருக்குள் ஒரு சின்னப் பையில் நொறுக்கிய பவளமோ சிப்பி ஓடோ போட்டு வைத்தால் அது மெதுவாகக் கரைந்து தாங்கிப் பிடிக்கும். வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றுவது எல்லோருக்கும் பொது.

ஒஸ்லோவில் இருக்கிற என் தங்கையின் மகள் இந்த வருடம் தனக்கும் மீன் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். போன ஞாயிறு வட்சப்பில் மகனிடம் எந்த மீன் வாங்கலாம் என்று கேட்டாள். "அது பிறகு," என்றான் அவன், பெரிய மனுசன் மாதிரி. "உங்கட கேத்திலைத் திறந்து காட்டு, முதல்ல."